பாட்டியை ஆடப்போகும் வாசகிக்கு



கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த காட்சித் திட்டத்தையும் படித்தேன். இளம்பெண்ணாகப் பாட்டி வாசலில் கோலம் போடுகிறார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், அடுக்களை. அப்புறம் ஒவ்வொன்றாக மறந்துபோகிறது: பெயர்கள், முகங்கள், கடைசியில் கோலம். தலைமுடி கலைந்து, தன் கைகளையே அடையாளம் தெரியாமல் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். விளக்கு மெல்ல அணைகிறது. 20 நிமிடம், பரதநாட்டியம், தனி ஆட்டம். இதற்கு எந்த ராகம் பொருந்தும் என்பது உங்கள் கேள்வி.

ராகம் கிடக்கட்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன். இந்தத் திட்டப்படி ஆடினால் கைதட்டல் நிச்சயம். அரங்கில் பாதிப்பேர் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஆனால் அந்தக் கண்ணீர் உங்கள் பாட்டிக்காக வருவதில்லை. நாளைக்கு நமக்கும் இந்தக் கதி வந்துவிட்டால் என்ற பயத்தில் வருவது. அந்தப் பயத்தைக் கிளப்ப ஒரு நடனம் எதற்கு? ஆஸ்பத்திரிகளின் ஹெல்த் செக்கப் விளம்பரங்கள் அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் வேறொரு பாட்டி இருக்கிறார். "அண்ணா வந்தாச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவர். மடித்து வைத்த புடவையைப் பிரித்து, ஓரம் சேர்த்து, நீவி, மறுபடி மடிக்கிறவர். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுகிறவர். வேலைக்கு வரும் பெண்தான் மோதிரத்தை எடுத்துவிட்டாள் என்று சாதித்து, அதைத் தானே அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தவர். திட்டத்தில் இருக்கும் பாட்டி தேய்ந்துகொண்டே போகிறார். இரண்டாம் பக்கத்துப் பாட்டிக்கு ஓய்வே கிடையாது. எனக்கு இவரைத்தான் மேடையில் பார்க்க வேண்டும்.

மறதியை ஆடாதீர்கள், அவர் செய்வதை ஆடுங்கள். மறதி நிகழ வேண்டிய இடம் ஆட்டத்தின் இலக்கணம்: தாளம், சங்கதி, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தோள் திரும்புகிறதே, அந்த இடம். உங்கள் முகத்தில் அது வேண்டாம்.

"அண்ணா வந்தாச்சா?" என்பதிலிருந்தே தொடங்கலாம். பதம் ஆடுகிறவருக்கு இதைவிட நல்ல பல்லவி அமையாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு ஆடுவது நமக்குப் பழக்கம்தானே. பாலசரஸ்வதி ஆட, அவருடைய தாயார் ஜெயம்மாள் பாடுவார். வரி எத்தனை தரம் திரும்பி வந்தாலும் பாலாவின் கை ஒவ்வொரு தரமும் வேறு வழியாகப் போகும், கண் வேறு ஒன்றைச் சொல்லும். காத்திருப்பு கோபமாகும், கோபம் கேலியாகும், கேலி ஏக்கத்தில் போய் முடியும். வரி மாறாது, பாவம் மாறும். பதம் இத்தனை நாள் பிழைத்திருப்பதே இதனால்தான்.

இதை அப்படியே தலைகீழாகப் போடுங்கள். பாட்டி கேட்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை. போன தடவை கேட்டது அவரிடம் இல்லை, அதனால் சலிப்பும் இல்லை. ஆகவே கேள்வி மயிரிழைகூட மாறக் கூடாது. அதே அட்சரத்தில் திரும்பும் கழுத்து, அதே வேகத்தில் எழும் கை, வாசலுக்குப் போகும் அதே பார்வை, அதே ஆவல். பயிற்சியில் உங்களை மிகவும் படுத்தப்போவது இதுதான். மாற்றி மாற்றி ஆடத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாற்றாமல் ஆடச் சொல்லிக்கொடுத்ததில்லை. மாறப்போவது பதில் சொல்கிறவர். முதல் பதில் சிரித்துக்கொண்டே: "இப்ப வந்துடுவார்மா." அப்புறம் ஒரு பதில் அடுப்பைப் பார்த்தபடி. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு ஒரு தரம், தாங்க முடியாமல், உண்மை வெளியே வந்துவிடுகிறது: அண்ணா செத்து இருபது வருஷம் ஆச்சு. அந்தச் சாவுச் செய்தியைப் பாட்டி முதன்முதலாகக் கேட்கிறார். துக்கம் முழுசாக வருகிறது, எதுவும் குறையாமல். மெல்ல அடங்குகிறது. அடங்கிய பிறகு அதே கழுத்து, அதே கை, அதே ஆவல்.

இதை நிதானமாக ஆடினால் எட்டு நிமிடம் போகும். என்னைக் கேட்டால் மொத்த ஆட்டமும் இதுவாகவே இருக்கலாம்.

அந்தப் பதில் சொல்கிறவர் யார்? உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே வாக்கியத்தில் வந்து போகிறார்: "அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்." பாட்டி அவருக்குப் பெற்ற தாயா, மாமியாரா என்றுகூட எழுதவில்லை. திட்டத்தில் அம்மா வரவே இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இருப்பது வீட்டில். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஓர் "அம்மாதான்" உண்டு. பெரும்பாலும் மகள், மருமகள், மனைவி. இரவில் எழுந்து வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறவர் அவர். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் குளிக்கப் போவார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியதும் கிளம்பிவிடுவார். டிமென்ஷியாவோடு வாழ்வது என்று நீங்கள் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். வாழ்கிறவர்கள் இரண்டு பேர்.

இதற்குத் தனி ஆட்டத்தைவிட நல்ல வடிவம் இல்லை என்பேன். ஏகஹார்யம் என்று நம் ஆசிரியர்கள் சொல்வார்களே, ஒரே ஆள் எல்லோருமாக மாறி ஆடுவது, அது வெறும் சிக்கனம் இல்லை. வர்ணத்தில் நாயகி சகியைப் பார்த்துத்தான் பேசுகிறாள். தூது போவது சகி, திட்டு வாங்குவது சகி, ஆனால் சகிக்கென்று ஒரு முகம் கிடைப்பது அபூர்வம். உங்கள் அம்மா அந்தச் சகி. அவருக்கு முகம் கொடுங்கள். பாட்டி நாற்காலியில் இருப்பவர், எனவே அவர் பார்வை மேல்நோக்கி வலப்பக்கம். அம்மா நிற்பவர், பார்வை கீழ்நோக்கி இடப்பக்கம். முதல் பத்து நிமிடம் இந்த வேலி கறாராக இருக்கட்டும். பார்ப்பவர் யார் பேசுகிறார் என்று ஒரு கணமும் சந்தேகப்படக் கூடாது. பிறகு தோள் திரும்பும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பாட்டி தன்னைப் பார்த்துக்கொள்கிறவரை "அம்மா" என்று கூப்பிடும் நாள் ஒன்று வரும், அல்லது ஏற்கெனவே வந்திருக்கும். அந்த இடத்தில் தோள் திரும்பவே வேண்டாம். யார் தாய், யார் பிள்ளை என்று அவையோர் தவிக்கட்டும். குழம்பிய முகத்தைக் காட்டுவது சுலபம். அவையையே குழப்பிவிடுவது கடினம், ஆனால் அதுதான் நேர்மை. (எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். கடைசிக் காலத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். நானும் வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்த்தேன்; செய்யவில்லை.)

தாளத்திலும் இதையே செய்யலாம். ஆதி தாளமே போதும், மிஸ்ர சாபுவுக்கெல்லாம் போக வேண்டாம். எது தவறிப்போகிறது என்று தெரிய, எது இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எளிய ஜதி ஒன்றை ஆரம்பத்தில் சமத்தில் எடுத்து, அவையின் காதில் ஊறும்வரை ஆடுங்கள். பிறகு அதே ஜதியை அரை இடம் தள்ளி எடுங்கள். அடுத்து முக்கால் இடம். சொற்கட்டு அதே, அடவு அதே, உங்கள் கால் சுத்தம். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் மாமாக்கள் மட்டும் எங்கோ வழி தவறி, தட்டுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். பாட்டி தவறவில்லை, உலகம் தவறிவிட்டது. பாட்டிக்கு அப்படித்தானே இருக்கிறது? நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் ஒத்துழைக்காமல் இது நடக்காது. முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் பேசிவிடுங்கள், ஒத்திகைக்கான பணத்தையும் சேர்த்து.

மறதி நம் மேடைக்குப் புதிதில்லை. சகுந்தலையைத் துஷ்யந்தன் மறந்த கதையை ஆடாத பள்ளி இல்லை. அங்கே மறதிக்குக் காரணம் துர்வாசரின் சாபம். மீனவன் கொண்டுவந்த மோதிரத்தைப் பார்த்ததும் எல்லாம் திரும்பிவிடுகிறது. உங்கள் பாட்டியின் மோதிரம் அரிசி டப்பாவிலிருந்து கிடைத்த பிறகும் ஒன்றும் திரும்பவில்லை. அந்தக் கதையின் அமைப்பு உங்களுக்குப் பயன்படாது. நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகனைத்தான் வடமொழியில் அபஸ்மாரன் என்பார்கள். அறியாமைக்கும் மறதிக்கும் உருவம். திருவாசி என்ற தலத்தில் மழவன் மகளைப் பிடித்த நோயாக அதே முயலகன் வருகிறது, சம்பந்தர் பாடித் தீர்த்தார் என்பது தலவரலாறு. மறதி ஒன்று சாபம், அல்லது அசுரன், அல்லது பாட்டால் தீரும் பிணி. எனவே ஒரு வேண்டுகோள்: தூக்கிய திருவடியோடு ஆட்டத்தை முடித்துவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர் மிதிக்கப்பட வேண்டியவர் இல்லை.

மரபில் உங்களுக்கு உண்மையாகவே உதவக்கூடிய இடம் வேறொன்று. நாட்டிய சாஸ்திரம் சஞ்சாரி பாவங்கள் முப்பத்து மூன்று என்று பட்டியல் போடுகிறது. வந்து தங்காமல் போய்விடுகிறவை. அந்தப் பட்டியலில் களைப்பு, வெட்கம், தூக்கம், ஐயம் இவற்றோடு ஸ்மிருதியும், அதாவது நினைவும், ஒன்று. நிலைத்து நிற்பவை என்று சொன்ன ஸ்தாயி பாவங்கள் எட்டு: காதல், சிரிப்பு, துக்கம், கோபம், ஊக்கம், பயம், அருவருப்பு, வியப்பு. நினைவு வந்து போகும், அன்பும் பயமும் நிற்கும் என்று அந்த நூல் வகுத்திருக்கிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் பார்த்தது பெரும்பாலும் நினைவில் இல்லை. ஆனால் அது கிளப்பிய சோகமும் மகிழ்ச்சியும் இன்னும் அவர்களிடம் இருந்தன. ஏன் வருத்தமாக இருக்கிறது என்று தெரியாமலே வருத்தமாக இருந்தார்கள். அண்ணாவின் சாவைச் சொன்ன பிறகு பாட்டி அதை மறந்துவிட்டார் என்று வீட்டில் நிம்மதியடைவோம்; அவர் மட்டும் அன்று முழுக்கச் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டிருப்பார். ஆகவே கேள்வி மாறக் கூடாது என்று மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்த உண்மைக்குப் பிறகு வரும் கேள்விகளில் கழுத்தும் கையும் கண்ணும் அப்படியே இருக்கட்டும். மூச்சு மட்டும் கனத்திருக்கட்டும். கடைசி வரிசைக்கு அது தெரியாது. பரவாயில்லை.

அடுத்தது ஒரு மருத்துவ விஷயம், கேட்பது நடன அமைப்புக்காக. அல்சைமர் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் அப்படிச் சொன்னாரா, அல்லது நம் வீடுகளில் எல்லா மறதிக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறோமே, அப்படியா? டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை, பல நோய்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலை. ஒவ்வொன்றுக்கும் காலப்பிரமாணம் வேறு. அல்சைமர் மெதுவாக, விடாமல் சரியும். இன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று எந்த நாளையும் காட்ட முடியாது. மூளையின் ரத்தக்குழாய் அடைப்புகளால் வருவது பல சமயம் படிப்படியாக இறங்கும்: சில காலம் அப்படியே நிற்கும், திடீரென்று ஒரு சறுக்கல், மறுபடி நிற்கும். லூயி பாடி வகையில் ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் உண்டு. காலையில் தேர்தல் முடிவைத் தெளிவாக அலசியவர், மத்தியானம் கூடத்தில் யாரோ குழந்தைகள் விளையாடுவதாகக் காட்டுவார். மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் பாதிக்கப்படும் இன்னொரு வகையில் நினைவு ஓரளவு தாக்குப்பிடிக்கும், குணமும் பேச்சும் முதலில் மாறும். நாலையும் ஒரே விளம்பத்தில் ஆடிவிட முடியாது. நடுங்கும் விரல்களைத் திட்டத்தில் நாலு இடத்தில் குறித்திருக்கிறீர்கள். முதுமை என்றதும் மேடையில் எல்லோரும் விரலை நடுக்கிவிடுகிறார்கள். பாட்டிக்கு நிஜமாகக் கை நடுங்குகிறதா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். கலைந்த தலையையும் எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மா இருக்கும் வீட்டில் பாட்டியின் தலை எண்ணெய் வைத்து வாரித்தான் இருக்கும்.

கவனித்து எழுதுவதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1901 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் தன் 51 வயது நோயாளி அவுகுஸ்தே டேட்டரிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டில் அந்த அம்மாள் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்கிறார். பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதுகிறார், அதற்கு மேல் கை போகவில்லை. அந்தக் கோப்பு பல பத்தாண்டுகள் தொலைந்து கிடந்து 1995-ல்தான் அதே ஊரில் கிடைத்தது. ஒரு வார்த்தை எழுதி நின்ற அந்தப் பேனாவில் உங்கள் திட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைவிட அதிகம் இருக்கிறது. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். என்ன மறந்தார் என்பதை எழுத வேண்டாம்; கை எங்கே போனது, எதைத் தொட்டது, எங்கே நின்றது, அதை எழுதுங்கள்.

கோலத்தைக் கடைசியாக மறக்கவைத்திருக்கிறீர்கள். பாட்டி இப்போதும் கோலம் போடுகிறாரா? மாவை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 27 வயதில், 1953-ல், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே கோடு பிசகாமல் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததே இல்லை என்றார் மொலைசன்; கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. உடம்பு பழகிய வேலைகள் மூளையில் தங்கும் இடம் வேறு. அல்சைமர் பொதுவாகக் கைவைக்கத் தொடங்குவது ஹிப்போகேம்பஸிலும் அதன் அக்கம்பக்கத்திலும். பழகிய கைவேலை அதற்குப் பிறகும் நெடுநாள் நிற்கலாம். கடைசிக் கட்டத்தில் அதுவும் போகும், இதில் அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பாட்டியின் கையில் புடவை மடிப்பு தப்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் இருக்கும் மிகச் சுத்தமான நிருத்தத்தை, கனகச்சிதமான கோர்வையை, அந்தப் புடவை மடிப்புக்குக் கொடுங்கள்.

அதன் பக்கத்தில் கடிகாரத்தை வையுங்கள். மறதியைச் சோதிக்கும் மருத்துவர்கள் ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து காட்டும்படி முள் வரையச் சொல்வார்கள். எண்கள் ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொள்ளும், பத்து என்ற எண்ணிலேயே முள் போய் நிற்கும், வட்டத்துக்கு வெளியே சில எண்கள் விழும். கோலத்தில் தப்பாத அதே கை, அதே தரையில், கடிகாரத்தில் வழி தவறுகிறது. புள்ளி வைக்கும் முத்திரையை மாற்றாமலே இரண்டையும் ஆடலாம். தரை என்றதும் இன்னொன்று: பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும் இந்நோயில் ஆழமும் நிறமும் மாறித் தெரியலாம். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், பளபளக்கும் மொசைக் தரை ஈரமாகத் தெரியும். விளக்கு போடுகிறவரிடம் மேடையில் ஒரே ஓர் இருட்டுச் சதுரம் கேளுங்கள். அதன் ஓரத்தில் பாட்டியின் கால் தயங்கி, தாண்டட்டும். ஏன் என்று அவைக்கு விளக்க வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்பானிஷ் காணொளியை நானும் பார்த்தேன். 2020-ல் உலகமெல்லாம் சுற்றியது. சக்கர நாற்காலியில் மார்த்தா சி. கொன்சாலெஸ் என்ற மூதாட்டி; காதில் ஹெட்ஃபோன்; சாய்கோவ்ஸ்கியின் அன்ன ஏரி இசை எழுந்ததும் அவர் கைகள் சிறகாகின்றன. அழாமல் பார்க்க முடியாது. நடுநடுவே அவருடைய இளமைக்கால ஆட்டம் என்று நினைக்கும்படி ஒரு பாலே நடனம் காட்டுகிறார்களே, அது அவர் இல்லை. ரஷ்யாவின் உலியானா லோபத்கினா வேறொரு இசைக்கு, வேறொரு நடனத்தை, சாகும் அன்னத்தை, ஆடியது. காணொளி பரவியபோது உண்மையைச் சொல்ல மார்த்தா உயிரோடு இல்லை. அந்தக் கைகள் போதும் என்று யாருக்கோ தோன்றவில்லை. பக்கத்தில் இளமையான, அழகான, நோயில்லாத ஓர் உடம்பு தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் முதல் காட்சியின் இளம்பெண்ணை நான் சந்தேகப்படுவது இதனால்தான். பாட்டியின் இளமையை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்தது இந்தப் பாட்டியை. அதிலிருந்து ஆடுங்கள்.

பார்த்ததை எத்தனை வருஷம் உடம்புக்குள் வைத்திருக்கலாம் என்பதற்கு ஜப்பானின் நடனக் கலைஞர் கசுவோ ஓனோவைச் சொல்வேன். 1929-ல் டோக்கியோவில் அர்ஹென்தீனா என்ற பெயரில் ஆடிய ஸ்பானிய நடனக் கலைஞர் அன்தோனியா மெர்சேயைப் பார்த்தார். அந்த ஆட்டத்தைப் போற்றி அவர் தனி நடனம் அமைத்தது 1977-ல், 71 வயதில். நகல் எடுக்கவில்லை, தன் கிழட்டு உடம்போடு, பெண் உடையில், மெர்சேயின் கை தன்னிடம் விட்டுச்சென்றதை ஆடினார். பிற்காலத்தில் நிற்க முடியாமல் போன பிறகும் கைகளால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். 2010-ல் இறக்கும்போது வயது 103. நம் பக்கத்தில் லீலா சாம்சனை நினைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்த ஓ காதல் கண்மணி படத்தில், அல்சைமர் வந்த முன்னாள் சங்கீத வித்வாம்சினியாக நடித்தவர். கலாக்ஷேத்ராவில் வளர்ந்த நடனக்காரர் நினைத்திருந்தால் அபிநயத்தைக் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. முகத்தைச் சும்மா விட்டார்.

இப்போது ராகம். முகாரி வேண்டாம், சுபபந்துவராளியும் வேண்டாம். சோகத்தை ராகமே சொல்லிவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை. பாட்டி என்ன முணுமுணுக்கிறார் என்று கேளுங்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் கேட்டதும் பார்த்ததும்தான் மனிதருக்குப் பின்னாளில் அதிகம் நினைவிருக்கும்; அந்த வயதின் பாட்டு எதுவோ அது. சபாவுக்கு ஒவ்வாத ரேடியோப் பாட்டாக இருந்தால் மெட்டை மட்டும் வயலினில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி பாதியில் விட்டுவிடும் இடத்தில் வயலினும் விட்டுவிடட்டும்.

அழைப்பிதழில் "நடனம் டிமென்ஷியாவைத் தடுக்கும்" என்று போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2003-ல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, உடற்பயிற்சி வகைகளில் நடனம் ஆடியவர்களுக்கு மட்டும் டிமென்ஷியா குறைவாக வந்தது உண்மை. ஆனால் நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டவர்கள் முன்கூட்டியே ஆடுவதை விட்டிருக்கலாம் என்ற சந்தேகமும் அதனோடு ஒட்டியே இருக்கிறது. தவிர, அந்த வாக்கியத்தை வாசலில் படிக்கும் ஒருவர், தன் தாய் ஆடாததால்தான் இப்படி ஆனார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

பாட்டியிடம் அனுமதி கேட்டீர்களா? மறந்துவிடுவார் என்றாலும் கேளுங்கள், வேறு வேறு நாட்களில். முகம் சுளித்தால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். குளியலறை விஷயங்கள் எதுவும் மேடைக்கு வர வேண்டாம். அதை ஆடுவது துணிச்சல் என்று யாராவது சொன்னால், அவருடைய சொந்தப் பாட்டியை ஆடிக்காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, பாட்டியை அரங்குக்கு அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம், ஆனால் மாலைக் காட்சிக்கு வேண்டாம்; செருப்பைத் தேடும் நேரம் அது. காலை ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். ஒலிபெருக்கியைக் குறைத்து, அரங்க விளக்கை எரியவிட்டு, கதவோரமாக நாற்காலி போடுங்கள். தன்னைத்தான் ஆடுகிறீர்கள் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டியதில்லை. நடுவில் எழுந்தால் நீங்கள் நிறுத்த வேண்டாம், மிருதங்கக்காரரிடமும் சொல்லிவையுங்கள். பாட்டி எழுந்ததும் கூடவே எழுந்துவிடுவது அம்மாவுக்குப் பழகிப்போயிருக்கும். அதனால் அன்றைக்குப் பாட்டியோடு வெளியே போக வேறு யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். சித்தப்பாவோ, அத்தையோ, லீவு போடச் சொல்லுங்கள். அம்மா உட்கார்ந்து முழுசாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு இந்த இடம் தப்பு என்று அவர் எதையாவது சொன்னால், நான் இதுவரை எழுதியதைத் தள்ளிவிட்டு அதன்படி மாற்றுங்கள்.